வேலிக்கு வெளியே டாக்டர்

பசுவின் விலாவில் அறுத்த வாய் வழியாக முழங்கை வரை கையை விட்டபடி மெலூசி நின்றான். கருப்பை வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்று முறை பிடித்தான். மூன்று முறையும் நழுவியது.

"என்னடா ஆச்சு?" என்றார் அவன் அப்பா, பாபா சோண்டி. பசுவின் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல பாபா. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்க்கிறதுக்கு வயித்தை அறுக்கணுமா?"

பட்டியின் வேலியைச் சுற்றி அக்கம்பக்கத்து ஆண்கள் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால், பத்தடி தள்ளி, கறுப்பு உடையும் தோளில் கறுப்புப் போர்வையுமாக ஜாபுலிலே நின்றாள். மெலூசியின் அண்ணி. அண்ணன் சீமோ போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவள் மெலூசியைப் பார்க்கவில்லை, பசுவின் முதுகைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மாமியாரின் காதில் ஏதோ சொன்னாள். மாமியார் வேலிக்கு வந்தாள்.

"கன்னுக்குட்டி தலை எந்தப் பக்கம்னு கேக்கறா."

"முன்பக்கம்மா." கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டான். "இல்ல. பின்பக்கம்."

அம்மா பத்தடி போனாள். பத்தடி வந்தாள்.

"அந்தப் பையை இழுக்காதேங்கறா. இழுத்தா கிழிஞ்சிடுமாம்."

"எந்தப் பை?" என்று கத்தினார் பாபா.

"உங்களுக்கு எதுக்குங்க அது? அவனுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சா நீ எதுக்கு இப்படி நடந்துக்கிட்டிருக்க?"

வேலியோரம் யாரோ சிரித்தார்கள். அம்மா திரும்பவும் போய் வந்தாள். "பைக்கு வெளியிலேர்ந்தே கன்னோட பின்னங்கால் மடக்கைத் தேடணுமாம். மூட்டையை மூலை பிடிச்சுத் தூக்கற மாதிரி, அந்தக் காலைப் பிடிச்சு மேல கொண்டாந்து, அப்புறம் அறுக்கணுமாம். பையைப் பிடிக்காதே, காலைப் பிடி. நான் சொல்லல, அவ சொல்றா."

மெலூசி தேடினான். மடக்கு கைக்கு அகப்பட்டது. தூக்கினான். அதுவரை சோப்புக் கட்டியாக நழுவிய கருப்பை, நல்ல பிள்ளையாக வாய்க்கு வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் ஒரு கிடாரிக் கன்று தரையில் கிடந்து தும்மியது. ஆண்கள் கைதட்டினார்கள்.

"பார்த்தீங்களா என் மகன் கையை!" என்றார் பாபா.

சரியாகத்தான் சொன்னார். அதில் மெலூசியுடையது கை மட்டும்தான்.

கணவனை இழந்தவள் ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும். மாட்டுப்பட்டிக்குள் நுழையக் கூடாது. மாட்டைத் தொடக் கூடாது. பாலை, தயிரைத் தொடக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. முதல் ஆறு மாதம் வீட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் நிழல் பட்டால் சினை மாடு கன்று கலைக்கும் என்பது துகேலா ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எல்லோருக்கும் தெரியும். கால்நடைக் கல்லூரியில் மட்டும்தான் இதைச் சொல்லித்தரவில்லை.

மனைவியை இழந்தவனுக்கும் விதி உண்டு. சட்டைக் கையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணி. ஒரு மாதம்.

சீமோவும் மெலூசியின் மனைவி தோகோவும் ஒரே வண்டியில், ஒரே காலையில் போனார்கள். தோகோ பள்ளி ஆசிரியை. அன்று பேருந்தைத் தவறவிட்டாள். சீமோ, "வா, நான் இறக்கிவிடறேன்" என்றான். மலைச்சாலை வளைவில் மரலாரி. இரண்டு சவப்பெட்டிகள், ஒரே பந்தல். பந்தல் செலவு மிச்சம் என்று மெலூசி அன்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கு அவன் இன்னும் வெட்கப்படவில்லை. வெட்கப்படுவதற்கும் உள்ளே ஏதாவது நடமாட்டம் வேண்டும்.

அண்ணி என்பது வீட்டு முறைக்கு. கல்லூரியில் அவள் வெறும் ஜாபு, அவனுடைய வகுப்புத் தோழி. பட்டமளிப்பு விழாவுக்கு வந்த சீமோ, தம்பியின் பட்டத்தைப் பார்க்காமல் தம்பியின் தோழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜாபுவும் மெலூசியும் ஒரே பேராசிரியரிடம் மாட்டுப் பிரசவத்தில் சிறப்பு மருத்துவர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். மூன்று வருடம். கிராமத்து மாடுகளுக்கான பயிற்சியிடம் அது. தங்கள் வட்டாரத்திலேயே கேஸ் பார்த்து, பதிவேட்டில் எழுதி அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் இருவருக்கும் முடிந்துவிட்டது. கடைசித் தேர்வுக்கு முன் மிச்சம் இருந்தது தன் கையால் செய்த பத்து சிசேரியன். கடைசி நாள் நவம்பர் முப்பது. பத்து சேராவிட்டால் மூன்று வருடமும் முதலிலிருந்து.

மே மாதம், விபத்து நடந்த அன்று, ஜாபுலிலேவின் பதிவேட்டில் ஒன்பது. மெலூசியின் பதிவேட்டில் ஒன்று. அந்த ஒன்றும் பேராசிரியர் கூடவே நின்று, குழந்தைக்குக் கைபிடித்து எழுத வைப்பதுபோலச் செய்யவைத்தது.

கிடாரிக் கன்று பிறந்த அன்று சாயங்காலம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவன் சமையல் குடிசைக்குப் போனான். ஜாபுலிலே பாயில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"செய்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லிக்கொடுத்தவர்னு கட்டம் இல்ல" என்றான்.

"உன் பேரை எழுது. உன் கைதானே?"

"நீ உள்ள வந்திருந்தா பத்து ஆகியிருக்கும், ஜாபு."

"அண்ணின்னு சொல்லு. உங்கம்மா காதுல விழும்." உதிர்ப்பதை நிறுத்தவில்லை. "வந்திருக்கலாம். ரெண்டடி வெச்சா உள்ள. அப்புறம் இந்த மலைப்பக்கம் எங்க ஒரு கன்னு கலைஞ்சாலும், சோண்டி வீட்டு விதவையோட நிழல்ம்பாங்க. ஒரு பட்டியும் எனக்குத் திறக்காது. அப்புறம் அந்தச் சான்றிதழை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? கோழிக்கு வைத்தியமா?"

"தேர்வுக் குழுவுக்கு எழுதிப் பாரேன். கால அவகாசம் கேளு."

"எழுதிட்டேன். பிள்ளைப்பேறுன்னா ஆறு மாசம் உண்டாம். கால் ஒடிஞ்சா மூணு மாசம். துக்கத்துக்கு அஞ்சு வேலை நாள்." சோளக்கட்டையைத் தூக்கிப் போட்டாள். "பேராசிரியரும் போன் பண்ணாரு. 'உங்கள் பண்பாட்டை நாங்கள் மிகவும் மதிக்கிறோம், அதில் தலையிட மாட்டோம்'னு சொன்னாரு. இங்க பண்பாடுன்னு சொல்லி உட்காரவெச்சாங்க. அங்க பண்பாட்டை மதிச்சு உட்காரவெச்சாங்க. ரெண்டு பக்கமும் ரொம்ப மரியாதை."

மெலூசி பதிவேட்டைத் திறந்தான். இரண்டாம் எண்ணுக்கு எதிரே தன் பெயரை எழுதினான். எழுத்து மட்டும் அழகாக இருந்தது.

அடுத்த கேஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அப்போதுதான் போன் என்று ஒன்று இருப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு பட்டதாரிகளுக்கு அது தோன்றுவதற்குள் அம்மா வேலிக்கும் அண்ணிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டராவது நடந்து தேய வேண்டியிருந்தது. மெலூசி போனின் இயர்போனைக் காதில் சொருகிக்கொண்டான். அவள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். குரலை உயர்த்தக் கூடாது என்ற விதிக்கு போன் ரொம்பத் தோதாக இருந்தது.

"இப்போ என்ன தெரியுது?"

"ரத்தம்."

"அது எல்லாருக்கும் தெரியும். வேற?"

மாட்டுக்குள் கையை விட்டபடி அவன் தனியாக முணுமுணுப்பதைப் பெரியவர்கள் பார்த்தார்கள். முன்னோர்களோடு பேசுகிறான் என்று ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

ஆகஸ்டில் ஐந்து. செப்டம்பரில் ஏழு. சோண்டி வீட்டு இளையவன் கைராசிக்காரன் என்று வட்டாரம் முழுக்கப் பேச்சு. துக்கம் அவன் கையைத் திறந்துவிட்டது என்றார் பாதிரியார். அத்தைகள் பானை பானையாகச் சோறு கொண்டுவந்தார்கள். சோற்றுக்குப் பின்னால் பெண்ணும் வந்தாள்.

"எத்தனை நாளைக்குடா தனியா கிடப்ப?" என்றாள் பெரிய அத்தை. "நர்ஸ் பொண்ணு. பல்லு கொஞ்சம் முன்ன இருக்கும். மாடு பார்க்கிற உனக்குப் பல்லு பத்தி என்ன?"

"அண்ணிக்கும் யாரையாவது பாருங்களேன் அத்தை."

அத்தை தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "துக்கத்துல இருக்கிறவளைப் பத்தி வேடிக்கையா பேசாதே" என்றாள். அவன் தோகோவை இழந்தும் அதே அளவு நாள்தான் ஆகியிருந்தது. அத்தைக்கு அது மறந்துபோயிருந்தது. அவனுக்கே சில காலைகளில் மறந்துவிடும். இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டு நிற்பான்.

அக்டோபர் கடைசியில் அவனுக்குப் பத்து முடிந்தது. அவளுக்கு ஒன்பது.

நவம்பர் இருபத்தாறு. பகல் பதினொரு மணிக்கு பாபாவின் பசு பிரசவ வலியில் விழுந்தது. உடம்பெல்லாம் வானம்பாடி முட்டைபோலப் புள்ளி உள்ள பசு. பாபா அதை வானம்பாடி என்றே கூப்பிடுவார். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லும் அவர், அந்தப் பசுவின் பெயரை ஒருநாளும் தவறியதில்லை. பட்டியின் நடுவில் பக்கவாட்டில் கிடந்து முனகியது. பாதி வட்டாரம் வேலிக்கு வந்துவிட்டது. பாபாவின் தம்பி, சித்தப்பா ம்பூசோ, முக்காலியோடு வந்து உட்கார்ந்தார். வழக்கம் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். சந்தேகம் வராவிட்டாலும் அவர் சொல்வார்.

மெலூசி உள்ளே போய்ப் பரிசோதித்தான். கன்றுக்கு உயிர் இருந்தது. பெரிய கன்று, இடுப்பெலும்பில் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எழுந்தான். கையைக் கழுவினான். கதவுக் கம்பத்தைத் தாண்டி வெளியே வந்தான்.

"எங்கடா போற?" என்றார் பாபா.

"வெளியே."

"மாடு உள்ள இருக்கு."

"என்னால பட்டிக்குள்ள வர முடியாது பாபா. நான் துக்கத்துல இருக்கேன்."

மனதுக்குள் அவன் வேறு ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தான். தேர்வு விதி, நாட்டின் சட்டம், பெண்ணுரிமை எல்லாம் அதில் இருந்தன. இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"உன் துக்கம் ஜூன்லயே முடிஞ்சுபோச்சு" என்றார் பாபா. "நானே துணியை அவிழ்த்து எரிச்சேன்."

"எரிச்சீங்க. முடியல."

"என்ன முடியல?"

"முடிஞ்சிடும்னு சொன்னீங்களே, அது முடியல. ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒரே நேரத்துல செத்தாங்க. அண்ணி நிழல் மாட்டுக்கு ஆகாதுன்னா என் நிழலும் ஆகாது."

"இத்தனை மாட்டைப் பார்த்தியே! அப்போ எங்க போச்சு உன் நிழல்?" என்றார் சித்தப்பா.

"அதெல்லாம் அண்ணி பார்த்தது சித்தப்பா. என் கை வாடகைக்கு. நான் முன்னோர்கூடப் பேசல. அண்ணிகூடப் பேசினேன். இந்த மாட்டைக் காப்பாத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்திதான். அதோ நிக்கிறா."

அன்றும் தொப்பியைக் கழற்றியிருந்த பெரியவர்களில் ஒருவர் அதை மெல்லத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஜாபுலிலே தரையைப் பார்த்து நின்றாள். அவளிடம் அவன் முன்கூட்டி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வானம்பாடி கழுத்தை நீட்டி ஒரு முறை அடித்தொண்டையில் கத்தியது. பாபா மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மாட்டைப் பார்த்ததும்தான் அவர் கண் கலங்கியது.

"ம்பூசோ, ஏதாவது வழி சொல்லு" என்றார்.

சித்தப்பா தாடையைச் சொறிந்தார். "முன்னோர் இருக்கிறது பட்டியில."

"தெரியும்."

"வேலி இருந்தாத்தான் பட்டி."

"வேலி இல்லேன்னா?"

"இல்லேன்னா அது வெறும் தரை. தரையில ஒரு மாடு படுத்திருக்கு. அதைப் பத்தி வழக்கத்துல ஒண்ணும் இல்ல."

பாபா சட்டையைக் கழற்றிவிட்டு முதல் கம்பத்தைப் பிடித்தார். அவருடைய தாத்தா நட்ட கம்பங்கள் அவை. மற்ற மாடுகளை ஆற்றுப்பக்கம் ஓட்டிவிட்டார்கள். இருபது ஆண்கள் முள்ளை இழுத்தார்கள், கம்பத்தை ஆட்டினார்கள், பிடுங்கினார்கள். கால் மணி நேரத்தில், எண்பது வருடமாக நின்ற பட்டி ஒரு பக்கமாகக் குவிந்து விறகாகக் கிடந்தது. மெலூசி இரண்டு கம்பம் பிடுங்கினான். அந்த வருடத்தில் யாரும் காதில் சொல்லிக்கொடுக்காமல் அவன் செய்த முதல் வேலை அது. உள்ளங்கையில் சிராய் ஏறியது.

ஜாபுலிலே தோள் போர்வையைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கறுப்பு உடையின் கையைச் சுருட்டிக்கொண்டு அவள் நடந்துவந்து பசுவின் பக்கத்தில் முட்டி போட்டாள். மரப்பு ஊசி போட்டாள். கத்தி வைத்தாள். ஆறு மாதம் தொடாத கை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"விளிம்பைப் பிடி" என்றாள் மெதுவாக.

பிடித்தான்.

"அது இல்ல. இது. மெலூசி, பத்து மாட்டை எப்படித்தான் செஞ்ச?"

"போன்ல."

அவள் உதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. மே மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அவன் பார்த்த முதல் சிரிப்பு. சிரிப்பு முடிவதற்குள் கன்று வெளியே வந்துவிட்டது. காளைக்கன்று. நாற்பது கிலோவாவது இருக்கும். பாபா அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே அழுதார். சீமோவின் பந்தலில்கூட அவர் அப்படி அழவில்லை.

பத்து.

அன்றே சூரியன் மறைவதற்குள் கம்பங்களைத் திரும்ப நட்டார்கள். தரையைச் சுத்திகரிக்க ஒரு ஆடு வெட்டினார்கள். கறியைத் தின்றுவிட்டு, கையை நக்கிக்கொண்டே குடும்பக் கூட்டம் கூடியது. சித்தப்பா ம்பூசோ மறுபடியும் தாடையைச் சொறிந்தார்.

"பட்டி இல்லைங்கிறது சரி. ஆனா மாடு மாடுதானே? தொட்டாளே."

அதனால் ஜாபுலிலேவின் ஒரு வருடம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவதாக முடிவாயிற்று. இன்னும் ஐந்தரை மாதத்தில் முடிய வேண்டிய கறுப்பு, அடுத்த நவம்பருக்குப் போனது. யாரும் கோபமாகச் சொல்லவில்லை. பாபாவே வந்து, "உன் நல்லதுக்குத்தான்மா" என்று மென்மையாகச் சொன்னார். அவர் கையில் அப்போது கன்றுக்கு ஊட்டிய சீம்பால் ஒட்டியிருந்தது.

மெலூசி தேர்வுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினான். தன் பதிவேட்டில் உள்ள ஒன்பது கேஸ்கள் தன் கையால், ஆனால் டாக்டர் ஜாபுலிலே சோண்டியின் அறிவால் செய்யப்பட்டவை. அவற்றை அவர் கணக்கில் சேர்க்க முடியுமா? பதில் வந்தது. சேர்க்க முடியாது, அவர் அந்த மாடுகளைத் தொடவில்லை. ஆனால் மெலூசியின் கணக்கிலிருந்து நீக்க முடியும், நீக்கிவிட்டோம். நேர்மைக்கு நன்றி. முதல் வருடத்துக்கான விண்ணப்பப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவன் படிவத்தை நிரப்பினான். கையெழுத்து அழகாக இருந்தது.

பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் கடைசி எழுத்துத் தேர்வு. தேர்வுக்குப் போகச் சித்தப்பா அனுமதித்தார், காகிதத்தில் மாடு இல்லை என்பதால். கறுப்பு உடையில், பேருந்தில் விதவைகள் உட்காரும் கடைசி இருக்கையில், எட்டு மணி நேரம் அவள் போனாள். மார்ச்சில் தபாலில் சான்றிதழ் வந்தது. வட்டாரத்தின் முதல் மாட்டுப் பிரசவச் சிறப்பு மருத்துவர். பாபா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, முன்னறையில் சீமோவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

"என் மருமக. மலைப்பக்கம் இவளை மிஞ்ச ஆள் கிடையாது."

"எங்க மாட்டை ஒரு நடை வந்து பார்ப்பாங்களா?"

"அது எப்படி முடியும்? துக்கத்துல இருக்கா."

ஏப்ரலில் ஒருநாள் மதியம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடிவந்தான். நெஞ்சு வரை நனைந்திருந்தது. கை முழுக்க முள் கீறல். முற்றத்தில் பாபாவுக்கு முன்னால் மண்டியிட்டான்.

"என் பசு மூணு மணி நேரமா முக்குது, சோண்டி."

"மெலூசியைக் கூட்டிட்டுப் போ."

"வேணாம். அவர் நல்லவர்தான்." அவன் மெலூசியை ஒரு முறை பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையை விலக்கிக்கொண்டான். "அவங்களை அனுப்புங்க. நான் வேலியைப் பிரிச்சுப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

பாபா வாயைத் திறந்தார். அதற்குள் சமையல் குடிசையிலிருந்து ஜாபுலிலே வெளியே வந்துவிட்டாள். போர்வையை மாமியாரிடம் கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. பாதையில் இறங்கி நடந்தாள். மெலூசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். பெட்டி தூக்குவதில் அவன் நன்றாகத் தேறியிருந்தான்.

அன்று இரவே குடும்பம் கூடி அவள் வருடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அதற்கடுத்த மாதமும் கூடியது. அதற்கடுத்த மாதமும்.

அவள் கறுப்பில் ஒரு நாளைக்கூட யாரும் குறைக்கவில்லை. ஆனால் அந்த மலைச்சரிவில் பட்டி போடுகிறவர்கள் கம்பத்தை ஆழமாக நடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள்.